கரிநாளுக்கு மறுநாள்

தை 4. காலை ஆறரை மணி. வாசலுக்கு வந்து நின்றேன். மூன்று நாள் கோலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மிதிபட்டு, கலர்ப்பொடியும் சாணமும் கலந்து, இன்ன உருவம் என்று சொல்ல முடியாத கறையாகக் கிடந்தன. சாணிப் பிள்ளையாரின் தலையில் இருந்த பூசணிப்பூ சுருங்கித் தொங்கியது. கூரை ஓரம் செருகிய காப்புக்கட்டில் பூளைப்பூ மட்டும் வெள்ளையாக நிற்க, வேப்பிலையும் ஆவாரையும் வாடிப்போயிருந்தன. கரும்புச் சக்கையில் எறும்பு. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பெரிய பாத்திரங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. இரவு பதினொரு மணிக்கு மேல் யாரோ துலக்கியிருக்கிறார்கள். யார் என்று கேட்க வேண்டியதில்லை.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“வலிக்குதாம்மா?”

“வலியெல்லாம் இல்ல கண்ணு. காலு கொஞ்சம் கனமா இருக்குது, அவ்வளவுதான்.”

எழுபது வயதைத் தாண்டியவள். மூன்று நாளாக அடுப்படிக்கும் வாசலுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடந்த நடையைக் கூட்டினால் எங்கள் ஊரிலிருந்து பாலக்கோட்டுக்குப் போய்த் திரும்பிவிடலாம். முந்தைய நாள் மாலைதான் வீடு காலியாகியிருந்தது. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன தம்பி குடும்பம், ஓசூரில் கம்பெனியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்காரர்கள், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும் பெரியப்பா பேரன் என்று எல்லோருக்கும் ஆளுக்கொரு பை. அவரைக்காய், ராகி மாவு, கொட்டை எடுத்த புளி, மிச்ச முறுக்கு, நறுக்கிய கரும்பு. பண்டிகையின் கடைசி வேலை இந்தப் பை கட்டுவதுதான். வழியனுப்பும்போது அழுகை வருவதற்குக்கூட நேரம் இல்லாமல் போவதற்கு இந்தப் பைகளே காரணம் என்று எனக்குத் தோன்றும்.

பொங்கலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பொங்கும் பானையோடு நிறுத்திக்கொள்கிறோம். முதல் நாளுக்கு முன்தினம் போகி. அப்புறம் பெரும்பொங்கல், மாட்டுப் பொங்கல். மூன்றாம் நாளை நகரத்துக்காரர்கள் காணும் பொங்கல் என்பார்கள், எங்கள் பக்கம் கரிநாள். நான்காம் நாளுக்குத் தமிழில் பெயர் இல்லை. பானை கவிழ்ந்து, கால் கனத்து, வயிறு மந்தமாகி, கையில் காசு தீர்ந்து ஒரு குடும்பம் திண்ணையில் உட்காரும் அந்த நாளுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

கரிநாள் என்ற சொல்லிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு மாதத்துக்கும் சில தேதிகளைக் கரிநாள் என்று குறித்திருப்பார்கள். புதிதாக எதையும் தொடங்கக் கூடாத நாள்கள் அவை. வருடம் மாறினாலும் தேதி மாறாது. மற்ற மாதங்களுக்கு இரண்டு, மூன்றுதான். தைக்கு மட்டும் ஐந்து: 1, 2, 3, 11, 17. அதாவது பொங்கல் தொடங்கி மூன்று நாளும் தொடர்ச்சியாகக் கரிநாள். கல்யாணம் வைக்க மாட்டார்கள், கடைக்கால் தோண்ட மாட்டார்கள், நிலம் பத்திரம் எழுத மாட்டார்கள். ஏன் என்பதற்குச் சோதிடர்கள் சொல்லும் காரணம் எனக்குப் பிடிபட்டதில்லை. ஆனால் அறுப்பும் களத்து வேலையும் ஓய்ந்த கையோடு இருக்கும் ஒரு குடியானவனிடம், மூன்று நாளைக்கு எதையும் ஆரம்பிக்காதே, சும்மா இரு என்று ஒரு காலண்டர் சொல்கிறது என்றால், அந்தக் காலண்டரை எழுதியவர்களுக்கு உடம்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

நாம் என்ன செய்தோம்? கரிநாளைக் கறிநாள் ஆக்கிக்கொண்டோம். ஒரு றகரம்தான் வித்தியாசம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கறிக்கடையில் வரிசை, ஏழு மணிக்கு மசாலா அரைப்பு, பத்து மணிக்குள் குழம்பு, மதியம் முதல் பந்தி, மூன்று மணிக்குக் கடைசிப் பந்தி. சும்மா இருக்கச் சொன்ன நாள்தான் வருடத்திலேயே அதிகம் அடுப்பு எரியும் நாளாகிவிட்டது. நானும் மூன்று முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டவன்தான். யாரையும் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

அண்ணன் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள். 1863-ல், உள்நாட்டுப் போருக்கு நடுவே, ஆபிரகாம் லிங்கன் நாடு முழுவதும் ஒரே நாளில் நன்றி சொல்ல வேண்டும் என்று அறிவித்தார். 1941-ல் நான்காம் வியாழன் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். விளைச்சலுக்கு நன்றி, குடும்பம் கூடுவது, விருந்து என்று எல்லாம் நம் பொங்கல் மாதிரிதான். வான்கோழியை மணிக்கணக்கில் அடுப்பில் வேகவைக்க வேண்டுமாம். வாரக் கடைசியில் பேசும்போது அவள் சொன்னாள்: “சித்தப்பா, எல்லாரும் போயிட்டாங்க. பாத்திரம் கழுவுற மெஷினுக்கே மூச்சு வாங்குது.” மெஷின் இருந்தும் களைப்பு தீரவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

அந்த வியாழனுக்கு மறுநாளை அங்கே கருப்பு வெள்ளி என்கிறார்கள். இன்றைக்கு அது தள்ளுபடி விற்பனையின் பெயர். ஆனால் பெயர் வந்த வழி வேறு. பிலடெல்பியா நகரத்துப் போலீஸ்காரர்கள் அன்றைக்குச் சாலைகளை அடைத்துக்கொண்டு வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல், 1950-60களில் எரிச்சலோடு சொல்லிக்கொண்ட பெயர் அது. அவர்களுக்குக் கருப்பு வெள்ளி, நமக்குக் கரிநாள். கரி என்றாலும் கருப்புதான். விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கிருஷ்ணகிரி டோல்கேட்டிலும் தொப்பூர் கணவாயிலும் நிற்கும் வண்டிகளைப் பார்க்கிற நம் போலீஸ்காரர்களும் மனசுக்குள் ஏதாவது ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அச்சில் ஏற்றக்கூடியதாக இருக்காது.

இரண்டு பெரிய நன்றித் திருநாள்கள். இரண்டுக்கும் மறுநாள் கருத்துப்போயிருக்கிறது. நன்றி சொன்னவர்கள் இளைப்பாற முடியாமல் போவது எங்கே தவறிய கணக்கு?

காசைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது சீக்கிரம் முடியும். பொங்கல் சீர் என்று அக்காவுக்கும் மூன்று தங்கைகளுக்கும் அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, புடவை கொண்டுபோய்க் கொடுத்தேன். பேருந்துச் செலவு, பிள்ளைகளுக்குத் துணி, கறி. நான்காம் நாள் காலையில் சட்டைப்பையைத் தடவினால் சில்லறை சத்தம் போட்டது. தை பிறந்தாலே முகூர்த்தம் தொடங்கிவிடும். மார்கழி முழுக்கக் காத்திருந்த கல்யாணங்கள் எல்லாம் வரிசையாக வரும். அலமாரியில் பதினொரு பத்திரிகைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மொய். மொய் நோட்டை எடுத்துப் பார்த்தால் நாம் வாங்கியது எழுதியிருக்கும், தப்பிக்க முடியாது. நகையை அடகு வைத்துச் சீர் செய்கிறவர்களை எனக்குத் தெரியும். ஒரு தடவை நானும் வைத்திருக்கிறேன். வாங்கும் தங்கைக்கும் அது தெரியும், அவளும் வாய் திறக்க மாட்டாள். நன்றி, பாசம் எல்லாம் இப்படி வட்டி கட்டி நடக்கும்போது அதில் யாருக்குச் சந்தோஷம் மிஞ்சுகிறது என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை.

உடம்புக் கணக்கு அதைவிடப் பெரியது. 2024-ல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களில் அந்த வேலையைச் செய்கிறவர்கள் 88 நிமிடம். இது சாதாரண நாள் கணக்கு. பண்டிகை நாளுக்கு யாரும் தனியாகக் கணக்கெடுக்கவில்லை. எடுக்கப் போனால் அந்த அதிகாரியையும் உட்காரவைத்துச் சோறு போட்டிருப்பார்கள், அதில் இன்னொரு பத்து நிமிடம் கூடியிருக்கும்.

இந்த விஷயத்தில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரியில்தான் தொடங்கின. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2023 ஜூலை 24 அன்று தொடங்கிவைத்ததும் இங்கே தொப்பூரில்தான். தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய். அந்தத் தொகை போதுமா என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குப் பிடித்தது அதன் பெயர். உதவித் தொகை என்று வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்தார்கள். வீட்டுக்குள் செய்யும் வேலையும் வேலைதான், அதற்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட சொல் அது. அரசாங்கம் ஒப்புக்கொண்டதை வீட்டுக்குள் நாங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. சாப்பாடு நல்லா இருந்துச்சு என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிடுகிறோம்.

(தருமபுரிக்காரன் நன்றியைப் பற்றி எழுதினால் அதியமானும் ஔவையாரும் நெல்லிக்கனியும் வராமல் இருக்காது. இந்த ஒரு முறை அவர்களைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுகிறேன். அவர்களும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.)

அன்று காலை திண்ணையில் உட்கார்ந்து இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது கொட்டகையில் மாடு அசைபோடும் சத்தம் கேட்டது. இரண்டு நாள் முன்பு குளிப்பாட்டி, கொம்புக்கு நீலமும் சிவப்பும் தீட்டி, புது மூக்கணாங்கயிறு, புதுத் தலைக்கயிறு மாற்றி, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தோம். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு ஜோடி எருது இருந்தது. ஆலாம்பாடி இனம், சாம்பல் நிறம், உழவுக்கென்றே பிறந்தவை. ஒகேனக்கல் பக்கத்துக் காட்டோரங்களில் வளர்ந்த அந்த இனம் குறைந்துபோய், இப்போது அதைக் காப்பாற்றக் காரிமங்கலத்தில் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறார்கள். மாட்டுப் பொங்கலன்று அந்த எருதுகளின் கழுத்தை நுகத்தடி தொட அப்பா விட மாட்டார். அதைக் கழுவி, மஞ்சள் பூசி, சுவரோரம் சாய்த்து வைத்துவிடுவார். ஏரும் அப்படியே. “இன்னிக்கு அதுங்க கழுத்துல எதுவும் ஏறக் கூடாது” என்பார். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் வண்டி கேட்டு வந்தபோதும் தரவில்லை, அன்று ஒரு பெரிய சண்டையே வந்தது. இப்போது எருது இல்லை, டிராக்டர்தான் உழுகிறது. இருப்பது இரண்டு கறவை மாடுகள். ஆனாலும் எங்கள் வீட்டில் அன்று கன்றுக்குட்டியை வயிறு முட்டக் குடிக்க விட்டுவிடுவோம். சொசைட்டிக்குப் பால் போகாது. பால் ஊற்றும் அட்டையில் அன்றைக்கு ஒரு கோடுதான் விழும்.

இத்தனை வருடமாகக் கண்ணெதிரே நடந்ததை அன்றுதான் நான் கவனித்தேன். மாட்டுக்கு நன்றி என்று அப்பா எதையும் வாயால் சொன்னதில்லை. சொன்னால் அதற்குப் புரியவும் புரியாது. கழுத்திலிருந்து பாரத்தை இறக்கினார். நன்றி அவ்வளவுதான். கயிறு, வர்ணம், சலங்கை எல்லாம் அதற்குப் பிறகு வந்த அலங்காரம்.

சூரியனுக்குப் பொங்கல் வைத்தோம், மாட்டுக்கு நுகத்தடியை இறக்கினோம். அந்தப் பொங்கலை வைத்தவள், அந்த மாட்டைக் குளிப்பாட்டத் தண்ணீர் சேந்தியவள், அவளுக்கு? அவள் கழுத்தில் அன்று இன்னொரு நுகம் ஏறியது. தீபாவளிக்கும் ஏறும், ஆடிப் பதினெட்டுக்கும் ஏறும். கொண்டாட்டம் பெருக்கப் பெருக்கப் பாரம் கூடுகிற ஒரே உயிர் வீட்டில் அவள்தான். அவளைப் புகழ்ந்தோம், புடவை எடுத்துத் தந்தோம். கொம்புக்கு வர்ணம் பூசிவிட்டு ஏரில் பூட்டினோம்.

மாட்டுக்குக் கொடுத்த அந்த ஒரு நாளை மனுஷிக்குக் கொடுக்க முடியாதா என்று கேட்டால், சுலபமாக ஒரு பதில் வரும்: பண்டிகை முடிந்த பிறகு ஓய்வெடுக்கட்டுமே, யார் வேண்டாம் என்றது? இந்தப் ‘பிறகு’ என்ற சொல்லில்தான் கோளாறு. பிறகு என்பது வருவதே இல்லை. வாசலைப் பெருக்க வேண்டும், மீந்ததைப் பங்கிட வேண்டும், அழுக்குத் துணி மலை போலக் கிடக்கும்.

இதற்கு எனக்கு விடை கொடுத்தது என் அக்கா வீட்டுப் பட்டுப்புழு.

அக்கா வீட்டில் மல்பெரி போட்டுப் புழு வளர்க்கிறார்கள். தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில்தான் கூடு போடுவார்கள். புழுவுக்குப் பொங்கலும் கிடையாது, கரிநாளும் கிடையாது. இரண்டாம் தோலுரிப்பு முடிந்த இளம்புழுவை வாங்கி வந்துவிட்டால், அப்புறம் வீடே அதன் வயிற்றுக்கு வேலை செய்யும். கடைசிப் பருவத்தில், அதாவது நான்காம் தோலுரிப்புக்குப் பிறகு வரும் ஒரு வாரத்தில், தன் ஆயுளில் தின்னும் இலையில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தின்று தீர்க்கும். ராத்திரி புழு வளர்க்கும் மனைக்குள் நின்றால் மழை பெய்வது போலச் சத்தம் கேட்கும். இந்தப் பொங்கலுக்கு அக்கா வரவில்லை. சீர் கொடுக்க நான்தான் போனேன். அன்று மனைக்குள் சத்தமே இல்லை. புழுக்கள் தலையைத் தூக்கியபடி, பச்சை இலைக்கு நடுவில், சிலை மாதிரி நின்றன.

“தூங்குதுடா. தோலுரிக்கப் போகுது. சத்தம் போடாம வா.”

தட்டுகள்மேல் சுண்ணாம்புத் தூளை மெல்லத் தூவி, இலை காய்ந்து படுக்கை ஈரமில்லாமல் இருக்கும்படி பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் போல ஆகும். அதுவரை இலை கிடையாது. பசிக்குமே என்று இரக்கப்பட்டுப் போடக் கூடாது. பாதிப் புழு எழுந்துவிட்டது, மீதியும் எழுந்துவிடும் என்று அவசரப்பட்டும் போடக் கூடாது. போட்டால் முன்னால் எழுந்தது கொழுக்கும், பின்னால் எழுந்தது பின்தங்கும், கூட்டம் சமமாக வளராது. கடைசிப் புழுவும் எழுந்த பிறகுதான் எல்லாவற்றுக்கும் சேர்த்து இலை. வளர்ந்த உடம்புக்குப் பழைய தோல் போதாமல் இறுகும்போது, புழு தின்பதை நிறுத்துகிறது. நிறுத்தினால்தான் தோல் கழன்று விழும். முட்டையிலிருந்து கூடு கட்டுகிற வரைக்கும் ஏறக்குறைய 25 நாள் வாழ்க்கை, அதற்குள் நான்கு தடவை நிறுத்தம். தின்ற நாள்களைப் போலவே இந்தத் தின்னாத நாள்களும் சேர்ந்துதான் பட்டு ஆகின்றன.

அன்றைக்கு அக்காவைப் பார்த்தேன். புழு தூங்கும் நேரம் என்பதால் அவளும் மனை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஊரெல்லாம் அடுப்பு எரிந்துகொண்டிருந்த பொங்கல் நாளில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரே பெண் அவள்தான். ஒரு புழுவின் தயவால்.

பொங்கல் எங்கே முடிகிறது என்பதை இத்தனை நாள் தப்பாக வைத்திருந்தோம் என்று திண்ணையில் அதை நினைத்தபோது தோன்றியது. கடைசிப் பந்தியோடு முடிவதாக நினைத்தோம். ஆக்கிப் போட்டவள் உட்கார்ந்து, அவள் கால் கனம் இறங்கும்போதுதான் அது முடிகிறது. அது வரைக்கும் நாம் நன்றி சொல்லத் தொடங்கியிருக்கிறோமே தவிர சொல்லி முடிக்கவில்லை. அம்மா விஷயத்தில் பார்த்தால், நான் ஐம்பது வருடமாகப் பாதியில் விட்ட பொங்கல்கள் எத்தனையோ.

நான்காம் நாள் மத்தியானம் ராணிமுத்து காலண்டரைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் விரித்தோம். நான், மனைவி, அம்மா. தைப்பூசம், மாசியில் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை, பங்குனி உத்திரம், சித்திரையில் ஊர் மாரியம்மன், ஆடிப் பதினெட்டு, தீபாவளி. நடுவில் பதினொரு பத்திரிகை. அம்மா முதலில் சிரித்தாள், “பண்டிகைக்கு எல்லாம் இப்படிக் கணக்குப் போடுவாங்களா?” என்று. நோட்டை எடுத்து நான் எழுதத் தொடங்கியதும் மெல்ல நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பத்திரிகைகளில் ஐந்துக்குத்தான் நேரில் போவது, மற்றவற்றுக்கு மொய் மட்டும் போய்ச் சேரும் என்று முடிவானது. அந்த ஐந்தைத் தேர்ந்தெடுக்கத்தான் அதிக நேரம் பிடித்தது, ஒன்றில் மனைவிக்கும் எனக்கும் மனஸ்தாபமே வந்தது. அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போவதை இந்த வருடம் விட்டுவிடலாம் என்றேன். அன்றைக்கு அங்கே குளிப்பதற்கு ஆற்றைத் தேட வேண்டும், தலைகள்தான் தெரியும். ஆடி முதல் வாரத்திலேயே ஒரு சாதாரண நாளில், பரிசல் துறையில் கூட்டம் இல்லாதபோது போய், எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் வாங்கி அங்கேயே சமைத்துத் தருகிறவர்களிடம் கொடுத்துச் சாப்பிட்டு வரலாம். பதினெட்டாம் பெருக்கன்று வீட்டுக் கிணற்றடியிலேயே காவேரிக்குப் படையல். “காவேரி கோவிச்சுக்க மாட்டா” என்றாள் அம்மா. சீர் விஷயத்தில் மூன்று தங்கைகளிடமும் நானே போனில் பேசினேன். அடுத்த வருடம் புடவை வேண்டாம், அரிசி வெல்லம் கரும்பு மட்டும் போதும் என்று மூத்தவள் உடனே சொல்லிவிட்டாள். சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். அவள் மாமியார் வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற கவலை அவளுக்கு. அவளுக்கு மட்டும் புடவை உண்டு.

கரிநாளைப் பற்றித்தான் பெரிய பேச்சு. கறி இல்லாத கரிநாளா என்று தம்பி பெங்களூரிலிருந்து போனிலேயே சத்தம் போட்டான். சரி, கறி இருக்கட்டும், ஆனால் அடுத்த வருடம் அதை ஆண்கள்தான் சமைப்பது என்றேன். சிறிது நேரம் போனில் சத்தமே இல்லை. “அப்போ கோழி போதும்ணா, ஆடு வேணாம்” என்றான்.

தை 4-க்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று முயன்றேன். ஓய்வுப் பொங்கல், திண்ணைப் பொங்கல் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. அம்மாவிடம் கேட்டேன். “பேரு எதுக்கு? அன்னிக்கு அடுப்பு பத்த வெக்காதீங்க, போதும்” என்றாள். காலண்டரில் அடுத்த வருடத் தாள் இல்லை என்பதால் சுவரில் கரியால் எழுதிவைத்திருக்கிறேன்: தை 4, அடுப்பு லீவு. அன்றைக்குக் காலையில் பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும். மூன்று நாள் வெல்லமும் நெய்யும் கறியும் கண்ட வயிற்றுக்கு அதைவிட மரியாதை வேறு இல்லை. பாத்திரத்தை அவரவர் கழுவ வேண்டும்.

இந்த வருடத்துக்கு முதலில் வருவது தைப்பூசம். தருமபுரி குமாரசாமிப்பேட்டை சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் தேரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். தைப்பூசத் திருவிழாவில் அங்கே தேரின் வடத்தைப் பெண்கள் மட்டும்தான் பிடித்து இழுப்பார்கள். ஆண்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கான பெண்கள், பக்கத்துக் கிராமத்திலிருந்தெல்லாம் வந்து, வெயிலில் வடம் பிடிப்பார்கள். நான் பலமுறை ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன், பெருமையாகக்கூட இருக்கும். வடத்தை விட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போய் உலை வைப்பார்கள் என்பதை அப்போதெல்லாம் நினைத்ததில்லை.

அம்மா இந்த வருடமும் போகிறேன் என்கிறாள். கால் கனம் இறங்கிவிட்டதாம். மனைவியும் அக்காவும்கூடப் போகிறார்கள், அக்காவின் புழு அதற்குள் கூடு கட்டிவிடும். அன்றைக்கு மதியம் வீட்டில் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் நான் செய்கிறேன். குழம்பு எனக்கு வரும். களி இதுவரை கிளறியதில்லை. கட்டி தட்டாமல் வருவது கஷ்டம் என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.